‘வியட்நாம் தோசை’ என்ற பெயர் பொருந்துமா?

அம்மிக்கல் எழுதியது:

நான்கு ஆண்டுகளாக ஹோ சி மின் நகரத்தில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் வந்திறங்கிய முதல் நாளே என்னிடம் கேட்பது, “இங்கே வியட்நாம் தோசை எங்கே கிடைக்கும்?” என்பதுதான். அவர்கள் தேடுவது பான் ஸெயோவை. மஞ்சள் நிறத்தில் வட்டமாக வார்க்கப்பட்டு, இரண்டாக மடிக்கப்பட்டு, ஓரம் மொறுமொறுவென்று இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயர் தவறு என்பது என் கருத்து. இங்கே உணவைப் பற்றி அறிந்தவர்கள் பலர் இருப்பதால் விவாதத்துக்கு வைக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் மாலை நான்கு மணிக்குமேல் கூடும் சிறு சந்தையில் ஓர் அம்மா இரண்டு கரியடுப்புகளோடு உட்கார்ந்திருப்பார். இப்படிக் கூரையும் அனுமதியும் இல்லாமல் தெருவோரத்தில் கூடிக் கலையும் சந்தைகளை இவ்வூரார் ‘தேரைச் சந்தை’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்; காவலர் வந்தால் குதித்து வேறிடம் போய்விடும் அல்லவா! அந்த அம்மா குழிவான இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, பன்றியிறைச்சித் துண்டுகள் நான்கையும் ஓட்டுடன் கூடிய சிறு இறால்களையும் முதலில் வதக்குவார். பிறகு ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சட்டியைக் கைப்பிடியோடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவார். தோசைக்கரண்டியால் தேய்க்கும் வழக்கமே கிடையாது. மாவு விழும்போது ‘சொய்’ என்று எழும் ஓசைதான் ‘ஸெயோ’. ‘பான்’ என்பது மாவுப் பண்டங்கள் பலவற்றுக்கும் உள்ள பொதுச்சொல். மேலே முளைகட்டிய பயறும், வேகவைத்த பாசிப்பருப்பும் தூவி மூடியிட்டு, ஓரம் சட்டியை விட்டு விலகியதும் மடித்துத் தட்டில் சரிப்பார்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை பச்சை இலை வரும். அகலமான கடுகுக்கீரை இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் பண்டத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வைத்து, துளசி வகை, ஒருபுறம் ஊதாவாக இருக்கும் தியா தோ இலை, மீன் வாடை வீசும் இன்னோர் இலை என்று அடுக்கிச் சுருட்டி, மீன்சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்த்து நீர்விட்டுக் கலந்த சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். இலைகளை எடுத்துவிட்டால் மீதியிருப்பது எண்ணெயில் பொரிந்த மாவு மட்டுமே. அதன் மாவில் உளுந்து இல்லை, புளிப்பு இல்லை. அரிசிமாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால், வெங்காயத்தாள், அவ்வளவுதான். காலைப் பசிக்கு நாம் உண்ணும் தோசையோடு இதற்கு வட்டம் ஒன்றைத் தவிர என்ன உறவு?

கலப்பை எழுதியது:

அம்மா, தங்கள் வருணனையைப் படித்ததும் பசி எடுத்தது. ஆனால் வாதத்தை ஏற்க முடியவில்லை.

புளிக்காத மாவு, உளுந்தில்லாத மாவு என்பதால் தோசை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ரவா தோசையை என்ன செய்வது? அரிசிமாவும் ரவையும் மைதாவும் மோரில் கரைத்து அப்போதே வார்க்கிறோம். அதையும் கரண்டியால் தேய்ப்பதில்லை, வீசித்தான் ஊற்றுகிறோம். கோதுமை தோசையிலும் உளுந்து இல்லை. மங்களூர்ப் பக்கத்து நீர்தோசையிலும் இல்லை. கல்லில் மெல்லிதாக வார்த்தது எதுவாயினும் தோசை என்பதே நடைமுறையில் நம் இலக்கணம்.

ஒப்புமையால் பெயரிடுவது மொழிக்கு இயல்பு. மசாலாவில் போடும் அன்னாசிப்பூவுக்கும் அன்னாசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வியட்நாமின் வடகோடியில் லாங் சோன் மலைப்பகுதியில் ஏராளமாக விளையும் ஒரு மரத்தின் காய்; அந்நாட்டார் ஃபோ என்னும் மாட்டெலும்புச் சாற்றுக்கு மணமூட்டுவது அதைக்கொண்டுதான். நாம் வைத்த பெயர் தவறு என்று யாரும் பிரியாணியைத் தள்ளிவைக்கவில்லையே!

மேலும் ஒன்று. ஹுவே நகரத்தில் இதே பண்டத்தைச் சிறிதாக, தடிப்பாக வார்த்து, நிலக்கடலையும் ஈரலும் சேர்த்து அரைத்த கெட்டிக் குழம்போடு ‘பான் குவாய்’ என்ற பெயரில் தருகிறார்கள். நடு வியட்நாமின் கடற்கரை ஊர்களில் உள்ளங்கையளவே வார்த்து அரிசித்தாளில் சுருட்டுகிறார்கள். அந்த நாட்டிலேயே ஊருக்கொரு பெயரும் ஊருக்கொரு வடிவும் இருக்கும்போது, நம்மவர் ஒரு பெயர் வைத்ததில் என்ன குற்றம்?

அம்மிக்கல் எழுதியது:

ரவா தோசையைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. புளிப்பு பற்றிய வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இலைக்கூடையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தோசை என்று எண்ணி வருபவர்கள் அந்தக் கூடையைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, “எண்ணெய் அதிகம், உப்பில்லை” என்று குறை கூறிச் செல்வதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர்தான் அவர்களை அப்படி உண்ண வைக்கிறது. அன்னாசிப்பூ என்ற பெயரால் எவரும் அதை அன்னாசி என்று நினைத்துக் கடிப்பதில்லை.

உரல்பிடி எழுதியது:

இருவரும் தவறான இடத்தில் உறவு தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. புளித்த அரிசிமாவில் நமக்கும் அவர்களுக்கும் உண்மையான ஒற்றுமை வேண்டுமென்றால் சட்டியில் வார்க்கும் பண்டத்தை விட்டுவிட்டு, ‘பூன்’ என்னும் நூலுணவைப் பார்க்க வேண்டும்.

ஹனோயின் மேற்குப் பகுதியில் ஃபூ டோ என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பூன் பிழிவதே அதன் தொழில். இன்று ஊரைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பழைய முறை இது: அரிசியை ஊறவைத்து, நீர்விட்டு ஆட்டி, மாவைப் புளிக்கவிட்டு, அதைத் துணிமூட்டையில் கட்டி மேலே பாரம் ஏற்றி நீரை வடிப்பார்கள். கெட்டியான அந்தப் புளித்த மாவைப் பாதி வேகவைத்துப் பிசைந்து, துளைத்தட்டின் வழியே கொதிநீருக்குள் பிழிவார்கள். வெந்ததும் அள்ளித் தண்ணீரில் அலசி, சிறு சுருள்களாகச் சுற்றிக் கூடையில் வாழையிலைமேல் அடுக்குவார்கள். புதிதாகப் பிழிந்த பூன் நூலை முகர்ந்து பார்த்தால் மெல்லிய புளிவாசம் வரும்.

இதைப் படிக்கும் கொங்குநாட்டார் சந்தகையை நினைத்திருப்பார்கள். ஆட்டிய மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகை உரலில் இட்டு, ஒருவர் பிடிக்க இன்னொருவர் அழுத்துவோமே, வெந்த மாவைப் பிழிவது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. நாம் முதலிலேயே முழுக்க வேகவைத்துவிடுகிறோம்; அவர்கள் கடைசி வேக்காட்டைக் கொதிநீருக்கு விட்டுவைக்கிறார்கள். இடியாப்பம் இன்னும் சற்றுத் தள்ளியிருக்கிறது, ஏனெனில் அதில் பச்சைமாவைப் பிழிந்த பிறகே ஆவியில் வைக்கிறோம்.

ஃபோவின் நூலும் பூனும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். ஃபோவின் நூல் பிழியப்படுவது அன்று. மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, நாடாவைப் போல நறுக்கி எடுப்பது அது. பானைவாயில் துணி கட்டி, அதன்மேல் மாவைப் பரப்பி, மூங்கில் குச்சியால் உரித்தெடுத்து, உள்ளே காளானும் இறைச்சியும் வைத்துச் சுருட்டினால் பான் குவோன். ஹனோய்ச் சந்தைகளில் விடியற்காலையில் அதை உரிக்கும் பெண்களின் கைவேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில், ஒரு நாள் என் ரயிலைத் தவறவிட்டேன்.

சாலியமங்கலத்தான் எழுதியது:

உறவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஃபான் ராங், நியா ட்ராங் பகுதிகளில் ‘பான் கான்’ என்று விற்கிறார்கள். சுட்ட மண்ணால் ஆன குழிச்சட்டி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சிறு மண்மூடி, கீழே கரிநெருப்பு. குழியில் அரிசிமாவை ஊற்றி முட்டையோ கணவாயோ வைத்து மூடி, வெந்ததும் இரண்டிரண்டாக ஒட்டித் தருகிறார்கள். தெற்கே வுங் தாவில் ஒற்றை இறால் வைத்துப் பொரிக்கும் ‘பான் கொட்’ இதன் தம்பி. இரண்டும் நம் குழிப்பணியாரத்தின் அச்சு அசல் அல்லவா? அந்தப் பகுதி சாம் மக்கள் ஆண்ட பழைய சம்பா நாடு. சிவன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. சோழர் காலத்துக் கப்பல்களில் பணியாரக்கல்லும் போயிருக்கலாம் என்று ஒருவர் காணொளியில் சொன்னார். இதற்குச் சான்று உண்டா?

பனையோலை எழுதியது:

சான்று இல்லை, நண்பரே. இந்தக் கதை அடிக்கடி உலா வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சம்பாவின் இந்தியத் தொடர்பு மறுக்க முடியாதது. நியா ட்ராங் அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டு தென்கிழக்காசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று. மீ சோன் சிவாலயத் தொகுதி 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சம்பாவின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும் உள்ளன. அவற்றில் கோயிலுக்கு விட்ட நிலமும் பொன்னும் பேசப்படுகின்றனவே தவிர, எவரும் எதையும் குழியில் சுட்டதாக இல்லை. சமயமும் எழுத்தும் கடல் கடந்தன என்பதிலிருந்து பணியாரக்கல்லும் கடல் கடந்தது என்று முடிவுகட்ட முடியாது. குழிச்சட்டியில் மாவூற்றிச் சுடுவது தாய்லாந்தில் உண்டு, ஜப்பானில் உண்டு, டென்மார்க்கிலும் உண்டு. நீர்த்த மாவைச் சிறு உருண்டையாகச் சுட நினைக்கும் எவரும் கடைசியில் குழியைத்தான் வந்தடைவார்கள்.

அந்தச் சட்டியின் உண்மைக் கதை இதைவிடச் சுவையானது. ஃபான் ராங் அருகே பாவ் ட்ருக் என்னும் சாம் மக்களின் ஊரில் பெண்கள் சக்கரமில்லாமல் பானை வனைகிறார்கள். மண் ஒரே இடத்தில் இருக்க, வனைபவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே உருவம் கொடுப்பார். பிறகு சூளை கட்டாமல் திறந்தவெளியில் விறகும் வைக்கோலும் அடுக்கிச் சுடுவார்கள். பான் கான் சட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இதுதான். இந்தச் சாம் மட்பாண்டக் கலையை யுனெஸ்கோ 2022-இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெண்களின் கைத்திறனைச் சோழர் கப்பலில் ஏற்றிவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

வியட்நாமின் அடுக்களையில் தமிழர் பங்கு வேண்டுமென்றால் அதற்கு ஆயிரம் ஆண்டு பின்னே போக வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செட்டியார்கள் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வட்டிக்கடை வைத்து, மீகாங் கழிமுகத்து நெல் வாணிகத்துக்குக் கடன் கொடுத்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசுப் பணிகளில் அமர்ந்தார்கள். பென் தான் சந்தையிலிருந்து நடந்துபோகும் தொலைவில், ட்ருவோங் டின் தெருவில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று வழிபடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறைச் சுவரின் கருங்கல்லில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். தென் வியட்நாமியர் சமைக்கும் ‘கா ரீ கா’ என்னும் கோழிக்குழம்பு பெயரிலும் மசாலாத்தூளிலும் இந்தியத் தொடர்பைக் காட்டுவது. அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த ரொட்டியைத் தோய்த்து உண்ணும்படி அது அந்த மண்ணுக்கேற்ப மாறிவிட்டது.

சாலியமங்கலத்தான் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். காணொளியின் கீழே இதையே சுருக்கி எழுதிவிட்டு வந்தேன். அங்கே என்னைத் தமிழ்ப் பகைவன் என்கிறார்கள்.

கத்தரிப்பூ எழுதியது:

அடுத்த மாதம் பெற்றோரை அழைத்துக்கொண்டு வியட்நாம் செல்கிறேன். இருவரும் மரக்கறி உணவினர். முட்டையும் உண்ண மாட்டார்கள். இதுவரை படித்ததில் அவர்களுக்கு ஏதுமில்லை போலிருக்கிறதே!

அம்மிக்கல் எழுதியது:

நிறையவே இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போக வேண்டும். ‘சாய்’ என்றால் பௌத்த முறை மரக்கறி உணவு. “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றைத் தருவார்கள், அதில் அவர்கள் மீது குற்றமில்லை. “தோய் ஆன் சாய்”, அதாவது நான் சாய் உண்பவன், என்று சொன்னால் மீன்சாறும் கூடாது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே விளங்கிவிடும். என் மாமியார் வந்த முதல் வாரம் இதை அறியாமல் கீரைப்பொரியல் வாங்கிக்கொடுத்து நான் பட்ட பாடு கொஞ்சமன்று. வள்ளைக்கீரையும் பூண்டும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. வாயில் வைத்தபிறகுதான் மீன்சாறு தெரிந்தது.

சந்திரமாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசையும் பௌர்ணமியும், பலர் சாய் உண்ணும் நாள்கள். அந்நாள்களில் சந்தையில் மற்ற நாள் இறைச்சி விற்பவர்கூடச் சிலவேளை சோயாப்பாலாடைக் கட்டியும் காளானும் வைத்திருப்பார். பான் ஸெயோவிலும் காளான், பாசிப்பருப்பு, முளைப்பயறு மட்டும் வைத்த சாய் வகை உண்டு. தோய்க்கும் சாற்றை மீனில்லாமல் செய்து தருவார்கள். மாவில் பொதுவாக முட்டை சேர்ப்பதில்லை என்றாலும் சிலர் சேர்ப்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. ஹுவே நகரம் பழைய அரசத் தலைநகர், பௌத்த மடங்கள் நிறைந்தது. பெற்றோரை அங்கே இரண்டு நாள் தங்க வையுங்கள்.

நெய்தல் எழுதியது:

மீன்சாற்றை வில்லனாக்கிவிடாதீர்கள். ஃபூ குவோக் தீவில் மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு என்று கலந்து, ஆள் உயரத்துக்கும் மேலான மரத்தொட்டிகளில் ஏறக்குறைய ஓராண்டு மூடிவைத்து, அடியிலுள்ள குழாய் வழியே முதல் சாற்றை இறக்குகிறார்கள். அந்தத் தீவின் பெயரைப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் காப்பு வழங்கியது. புட்டியில் எண்ணோடு ஒரு பாகைக்குறி இருக்கும். சாற்றின் புரதச்சத்தைக் காட்டும் நைட்ரஜனின் அளவு அது. முப்பதுக்குமேல் இருப்பதை அப்படியே தோய்க்கலாம், குறைந்ததைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் காப்பு வாங்கும் அளவுக்குப் பெயர்மீது அக்கறை கொண்டவர்கள் அவர்கள் என்பதால், இந்த இழையின் தலைப்பில் நான் அம்மிக்கல் அம்மாவின் பக்கம்.

குருணை எழுதியது:

சந்தை உணவு என்றதும் எல்லோரும் மாவுப்பண்டங்களையே பேசுகிறீர்கள். அவர்களுடைய அன்றாடம் சோறு. நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்கள் இருப்பதுபோல அவர்களுக்கும் லுவா, காவ், கோம் என்று மூன்று உண்டு. ‘கோம் உண்டாயிற்றா?’ என்றுதான் அங்கேயும் நலம் விசாரிக்கிறார்கள். சைகோனின் அடையாளமாகிவிட்ட ‘கோம் தாம்’ நம் குருணைச் சோறேதான். ஆலையில் உடைந்து விலைபோகாத நொய்யை ஏழைகள் பொங்கி உண்டார்கள். இன்று அதன்மேல் சுட்ட இறைச்சியும் முட்டையும் வைத்து நகரமே காலையில் உண்கிறது, அதற்கென்றே நொய்யைத் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். எங்கள் வீட்டில் குருணை இன்னும் கோழிக்குத்தான் போகிறது.

புளிவிட்டுச் செய்யும் ‘கான் சுவா’ என்னும் சாற்றையும் விட்டுவிட்டீர்கள். புளி, தக்காளி, வெண்டைக்காய், அன்னாசி, விரால் மீன்! அன்னாசியை மட்டும் பொறுத்துக்கொண்டால் மற்றது முழுக்க நம் வீட்டுக் குழம்பு.

ஓடத்துறை எழுதியது:

பெயரைப் பற்றிய இழை என்பதால் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். கான் தோ நகரத்துக்கு அருகே காய் ராங் மிதவைச் சந்தைக்கு விடியுமுன் படகில் போனேன். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒவ்வொரு படகின் முகப்பிலும் ஒரு நீண்ட மூங்கில் கம்பம் நட்டு, விற்கும் பொருளையே அதில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்: அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, பூசணி தொங்கினால் பூசணிப் படகு. ஆனால் கொடியில் தொங்கும் துணி விற்பனைக்கன்று. அது அந்தக் குடும்பத்தின் சலவை. கம்பத்தில் தென்னை ஓலை தொங்கினால் ஓலை விற்கிறார்கள் என்று பொருளன்று, அந்தப் படகே விலைக்கு வந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு சிறு ஓடத்தில் அடுப்பும் சாற்றுக் குண்டானும் வைத்திருந்த அம்மா எங்கள் படகின் விளிம்பைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அலையாட்டத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஹூ தியூ நூல்கறியைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். சாலைகளும் பாலங்களும் வந்தபின் வணிகப் படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன. நான் போன அன்று வணிகரைவிட எங்களைப் போன்ற வேடிக்கை பார்ப்பவரே மிகுதி. போக நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

கலப்பை எழுதியது:

ஓலை தொங்கும் படகைப் படித்தபின் என் நிலைப்பாட்டைச் சற்றுத் தளர்த்துகிறேன். ‘வியட்நாம் தோசை’ என்பது ஆளை அழைத்துவரப் பயன்படலாம், ஆனால் உட்கார்ந்தபின் வார்த்துத் தரும் அம்மா சொல்லும் பெயரையே சொல்லட்டும்.

அதிருக்கட்டும், சென்ற ஞாயிறன்று வீட்டில் முயன்றேன். இட்லி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்து இரும்புக்கல்லில் ஊற்றினேன். ஒட்டிக்கொண்டது, மடித்தபோது கிழிந்தது, மொறுமொறுப்பே வரவில்லை. எங்கே பிழை?

அம்மிக்கல் எழுதியது:

இட்லி மாவு எடுத்ததுதான் பிழை. உளுந்தும் புளிப்பும் மாவை உப்பவைத்து மெத்தென்று ஆக்கும், மொறுமொறுப்புக்கு அது பகை. கடையில் விற்கும் மெல்லிய பச்சரிசி மாவு ஒரு பங்கு, நீர்த்த தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக ஏறக்குறைய இரண்டு பங்கு, மஞ்சள், உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள். ரவா தோசை மாவைப் போல ஓட வேண்டும். அரைமணி நேரம் வைத்திருந்து, ஒவ்வொரு முறை ஊற்றுமுன்னும் அடிவரை கலக்குங்கள், மாவு அடியில் தங்கிவிடும். தட்டையான கல்லைவிட நன்றாகப் பழக்கிய குழிவான இரும்புச் சட்டி நல்லது. இங்கே சிலர் மாவில் பீர் ஊற்றுகிறார்கள். சோடா ஊற்றினாலும் அதே பலன் கிடைக்கும். மூடியை ஒரு நிமிடத்துக்குமேல் வைக்காதீர்கள், பயறு விடும் நீராவி மேல்பக்கத்தை நமத்துப்போகச் செய்துவிடும். திறந்தபின் ஓரத்தில் இன்னும் சிறிது எண்ணெய் விட்டுப் பொறுமையாக நிறம் வரவிடுங்கள்.

கடுகுக்கீரை கிடைக்காவிட்டால் லெட்டூஸ் இலையும், புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை மூன்றும் போதும். சட்டி புகையத் தொடங்கியதும் மாவை ஊற்றுங்கள். சொய்யென்ற ஓசை கேட்கவில்லை என்றால் சட்டி இன்னும் காயவில்லை. அந்த முதல் ஒன்றை மட்டும் தோசை என்று சொல்லி நீங்களே உண்டுவிடுங்கள்.